அக்ரோட்டு எண்ணெயும் அக்ரோட்டுப் பண்டங்களும்

நம் நாட்டில் விளையும் அக்ரோட்டில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேற்பட்டது ஜம்மு-காஷ்மீரத்திலிருந்தே கிடைக்கிறது. ஹிமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், அருணாசலப் பிரதேசம் ஆகியவற்றின் மலைச்சரிவுகளிலும் இம்மரம் உண்டு. ஆயினும், அங்கெல்லாம் அது வீட்டுத் தேவைக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் போதுமான அளவிலேயே காய்க்கிறது. காஷ்மீரப் பள்ளத்தாக்கில் குப்வாரா, அனந்தநாக், குல்காம், சோபியான் முதலிய மாவட்டங்களில் உள்ள குடும்பங்கள் பலவற்றிற்கு இது ஆண்டு வருமானத்தின் முக்கியப் பகுதி. முழுதாகவும் வெளிர் நிறமாகவும் உள்ள பருப்பிற்கு நல்ல விலை கிடைக்கிறது. ஓட்டை உடைக்கும்போது நொறுங்கிப்போன துண்டுகளுக்கும், நிறம் கறுத்த பருப்பிற்கும் வியாபாரி கொடுக்கும் விலையோ மிகக் குறைவு. இத்துண்டுகளை அந்தந்தக் கிராமத்திலேயே எண்ணெயாகவும் உணவுப்பண்டமாகவும் மாற்ற இயலுமா, இயலுமெனில் எவற்றில் கவனம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பொருளுக்குள் நுழையுமுன் பெயரைப்பற்றி ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. தமிழ் மருந்துக் கடைகளிலும் பழைய அகராதிகளிலும் ‘நாட்டு அக்ரோட்டு’ என வழங்கும் கொட்டை ஒன்றுண்டு. அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மரத்தின் கொட்டையாகும். எண்ணெய் மிகுந்திருப்பதால் தீவுவாசிகள் அதைக் கோத்து விளக்காக எரித்தனர். பச்சையாக உண்டால் கடும் பேதியையும் வாந்தியையும் உண்டாக்கக்கூடியது. நாம் இங்கு கூறுவது ‘ஜக்லன்ஸ் ரீஜியா’ என்று தாவர நூலார் பெயரிட்டுள்ள மரத்தின் காயை. இதனைக் காஷ்மீரத்தில் ‘டூன்’ என்பர், ஹிந்தியில் ‘அக்ரோட்’. பெயரொற்றுமையால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது வெறும் சொற்பிழையோடு நிற்பதன்று, வயிற்றையும் பாதிக்கும்.

மரமும் காயும்

அக்ரோட்டு மரம் நன்கு வளர்ந்தால் அறுபது, எழுபது அடிக்கு மேல் உயரும்; பல தலைமுறைகள் வாழும். காயின் வெளிப்புறம் சதைப்பற்றுள்ள பச்சைத்தோடு. அதனுள் கெட்டியான ஓடு. ஓட்டினுள் இரு பாதிகளாக மடிந்து கிடக்கும் பருப்பு. பருப்பின்மீது மிக மெல்லிய பழுப்புத்தோல். இந்நான்கும் எண்ணெய் எடுப்பவனுக்கு வெவ்வேறு வகையில் முக்கியமானவை. பச்சைத்தோட்டிலுள்ள ‘ஜக்லோன்’ என்னும் பொருள் கையில் பட்டால் கருஞ்சாயம் ஏறி நாட்கணக்கில் போகாது. மரத்தடியில் வேறு பல செடிகள் செழிக்க முடியாமற் போவதற்கும் அதுவே ஒரு காரணம். பருப்பின் மென்தோலில் துவர்ப்புப் பொருள்கள் செறிந்துள்ளன. நாவிற்குக் கசப்பாகப் படுவது அதுவே. அதே சமயம், பருப்பிலுள்ள எண்ணெயைக் காற்றிலிருந்து காப்பதும் அதுவே.

காஷ்மீரத்தில் நில அளவை, வரி நிர்ணய அதிகாரியாகப் பணியாற்றிய வால்ட்டர் லாரன்ஸ் 1895-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அக்ரோட்டின் மூன்று வகைகளைக் குறிப்பிட்டிருக்கிறார். விரலால் அழுத்தினாலே உடையத்தக்க மெல்லோடு உடையது ‘காகஸி’. நடுத்தர ஓடு உடையது ‘புர்ஸல்’. கல்லால் அடித்தாலன்றி உடையாத வன்மையுடையது ‘வண்ட்’. இப்பாகுபாடு இன்றளவும் உழவர் வாயில் வழங்குகிறது. பெரும்பாலான மரங்கள் விதையிலிருந்து முளைத்தவை ஆதலால், ஒரு மரத்தின் காய் அடுத்த மரத்தின் காயைப்போல் இருப்பதில்லை. வணிகனுக்கு இது இடையூறு. எண்ணெய் எடுப்பவனுக்கு அத்துணை இடையூறன்று. ஏனெனில், செக்கில் விழும் பருப்பிற்கு வடிவம் ஒரு பொருட்டல்ல.

அறுவடை செப்டம்பர் மாதம் தொடங்கி அக்டோபர் முற்பகுதிவரை நடைபெறுகிறது. நீண்ட கழியுடன் ஆட்கள் மரத்தின் உச்சிவரை ஏறி, கிளைகளை அடித்துக் காயை உதிர்க்கின்றனர். கயிறு, கச்சை முதலிய பாதுகாப்பு ஏதுமின்றி வழுக்கும் கிளையில் நின்றுகொண்டு செய்யப்படும் வேலை இது. ஒவ்வோர் ஆண்டும் இப்பருவத்தில் மரத்திலிருந்து விழுந்து சிலர் உயிரிழக்கின்றனர். முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்போரும் உளர். அக்ரோட்டின் விலையைப்பற்றிப் பேசுகையில் இதனையும் கணக்கிற் சேர்த்தல் முறையாகும். ஒட்டுக்கட்டிய மரங்கள் குட்டையாக வளர்வதோடு, விதைக்கன்று காய்ப்பதற்கு எட்டு, பத்து ஆண்டுகள் பிடிக்கையில் மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்குகின்றன. ஸ்ரீநகரில் 1994-இல் நிறுவப்பட்ட மத்திய மிதவெப்பத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், பள்ளத்தாக்கிலேயே நன்கு காய்த்த மரங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றின் ஒட்டுக்கன்றுகளைப் பரப்பி வருகிறது. ஆயினும், அக்ரோட்டில் ஒட்டு எளிதிற் பிடிப்பதில்லை. பழைய மரத்தை வெட்டிப் புதியது நடுவதும் உழவரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. 1969-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு அனுமதி பெறவேண்டும். ஆகவே, மாற்றம் மெதுவாகவே நிகழும்.

எண்ணெயின் தரம் எங்கு நிர்ணயமாகிறது?

எண்ணெயின் தரம் செக்கில் நிர்ணயமாவதாகவே பலரும் எண்ணுகின்றனர். அக்ரோட்டைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் சரியன்று. மரத்திலிருந்து காய் விழுந்த முதல் பத்து, பதினைந்து நாட்களிலேயே பெரும்பகுதி நிர்ணயமாகிவிடுகிறது.

பழைய வழக்கப்படி, உதிர்த்த காய்களைக் குவித்து, புல்லால் மூடிச் சில நாட்கள் வைப்பர். பச்சைத்தோடு வெதும்பி இளகியதும் அதனைக் கழித்துவிட்டு, காயை ஓடைநீரில் இட்டுக் காலால் மிதித்துக் கழுவுவர்; பின்னர் வெயிலில் பரப்புவர். குவியலில் உஷ்ணமும் ஈரமும் மிகுமாயின், தோட்டின் சாயம் ஓட்டின் இணைப்பு வழியே உள்ளிறங்கிப் பருப்பைக் கறுக்கச் செய்யும், பூஞ்சணமும் பற்றும். தோடு கழன்ற அன்றே கழுவி உலர்த்திய காயின் பருப்பும், ஒரு வாரம் குவியலில் வெந்த காயின் பருப்பும் ஒரே மரத்தினவாயினும், அவற்றின் எண்ணெய் ஒன்றாக இராது. உலர்த்துகையில் ஓட்டுடன் கூடிய காயின் ஈரம் நூற்றுக்கு 8 பங்கு அளவிற்கும், பருப்பின் ஈரம் ஏறத்தாழ 4 பங்கிற்கும் இறங்க வேண்டும். மலைப்பகுதியில் அக்டோபர் வெயிலை முழுதும் நம்ப முடியாது. மழை குறுக்கிடுமாயின், காற்றோட்டமுள்ள கூரையின் கீழ் சட்டங்களில் பரப்புவதும், 40 டிகிரி சென்டிகிரேடுக்கு மிகாத வெதுவெதுப்பான காற்றைச் செலுத்துவதும் நலம்.

ஓடு உடைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. குளிர்காலத்தில் அடுப்பங்கரையில் அமர்ந்து, கல்லாலோ சிறு சுத்தியலாலோ ஒவ்வொன்றாகத் தட்டுகின்றனர். பாதிகள் முழுதாக வந்தால் ஒரு விலை, துண்டானால் மற்றொரு விலை. இங்குதான் எண்ணெய்க்குரிய பருப்பு பிரிகிறது. துண்டான பருப்பில் எண்ணெய் குறைந்துவிடவில்லை. மென்தோல் கிழிந்து உள்சதை வெளியே தெரிவதால் காற்றுபடும் பரப்பு மட்டுமே பெருகியிருக்கிறது. எனவே, துண்டுகளைச் சாக்கில் கட்டி அடுத்த கோடைவரை வைத்திருந்து பிறகு ஆட்டுவது வீண்முயற்சி. உடைத்த சில வாரங்களுக்குள் ஆட்டிவிட வேண்டும்.

நிறம் கறுத்த பருப்பு வேறு, பூஞ்சணம் பிடித்த பருப்பு வேறு. முன்னதில் எண்ணெய் எடுக்கலாம். சுவை சற்றுக் காரமாக இருக்கும். பின்னதை எக்காரணத்தாலும் செக்கில் இடலாகாது. சிலவகைப் பூஞ்சணங்கள் ‘அஃப்லடாக்ஸின்’ என்னும் நஞ்சைத் தோற்றுவிக்கின்றன. ஈரலைத் தாக்கவல்ல இந்நஞ்சு, சமையலின் உஷ்ணத்தால் அழிவதில்லை. கண்ணால் பார்த்துப் பொறுக்கி எறிவதே கிராமத்தில் செய்யக்கூடிய முதற்பாதுகாப்பு. பொறுக்குவதற்குச் செலவாகும் கூலியைச் சிக்கனம் செய்வோர் எண்ணெய்த் தொழிலில் இறங்காதிருப்பதே மேல்.

எண்ணெயின் ரசாயனம்

அக்ரோட்டுப் பருப்பில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்குவரை எண்ணெயே. புரதம் 15 பங்கு அளவில் உள்ளது. எள்ளிலும் நிலக்கடலையிலும் ஏறத்தாழப் பாதிதான் எண்ணெய் என்பதைக் கருதினால், இதன் செழிப்பு விளங்கும்.

எண்ணெய் என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் கூடிய பொருள். கொழுப்பு அமிலத்தின் கரிச்சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் எத்தனை என்பதைப் பொறுத்து எண்ணெயின் குணம் அமைகிறது. ஒலீயிக் அமிலத்தில் அப்பிணைப்பு ஒன்று; லினோலீயிக் அமிலத்தில் இரண்டு; லினோலெனிக் அமிலத்தில் மூன்று. அக்ரோட்டு எண்ணெயில் லினோலீயிக் அமிலம் 50 முதல் 60 சதவிகிதமும், லினோலெனிக் அமிலம் 10 முதல் 15 சதவிகிதமும், ஒலீயிக் அமிலம் 15 முதல் 20 சதவிகிதமும் காணப்படுகின்றன. நிறைவுற்ற கொழுப்பு 10 சதவிகிதத்திற்கும் குறைவு. லினோலீயிக், லினோலெனிக் அமிலங்களை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள முடியாது, உணவிலிருந்தே பெறவேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருப்பது அக்ரோட்டின் சிறப்பு.

சிறப்பாக அமைந்த அதே குணந்தான் அதன் குறையுமாகும். இரட்டைப் பிணைப்புகளுக்கு இடைப்பட்ட இடத்தைப் பிராணவாயு எளிதிற் பற்றுகிறது. ஒலீயிக் அமிலத்தை நோக்க, லினோலீயிக் அமிலம் ஏறத்தாழப் பத்து மடங்கும், லினோலெனிக் அமிலம் இருபது மடங்கும் விரைவாகக் காற்றுடன் கூடுகின்றன. முதலில் தோன்றுவன மணமற்ற பெராக்ஸைடுகள். அவை சிதையும்போதே சிக்கு வாடை வீசுகிறது. ஆதலால், மூக்கிற்குத் தெரியும்போது கேடு முற்றியிருக்கும். உணவுப்பொருள்களுக்கான சர்வதேசத் தர நெறி, குளிர்முறையில் பிழிந்த எண்ணெய்களில் பெராக்ஸைடு அளவு, கிலோகிராம் ஒன்றுக்கு 15 மில்லி-சமானம் வரையில் இருக்கலாம் என வரையறுத்துள்ளது. நல்ல பருப்பிலிருந்து அன்று பிழிந்த எண்ணெயில் அது மிகக் குறைந்த அளவிலேயே இருக்கும்.

இவ்விடத்தில் நம் நல்லெண்ணெயை ஒப்புநோக்குதல் தகும். அதிலும் லினோலீயிக் அமிலம் நிறைய உண்டு. எனினும் மாதக்கணக்கில் கெடாதிருக்கிறது. எள்ளில் இயற்கையாகவுள்ள ஸெஸமோல் முதலிய பொருள்கள் பிராணவாயுவின் தாக்குதலைத் தடுப்பதே காரணம். அக்ரோட்டு எண்ணெயில் அத்தகைய காவலர் இல்லை. வைட்டமின் ‘ஈ’யின் காமா வகை ஓரளவு உதவுகிறது, மென்தோலின் துவர்ப்புப் பொருள்களோ எண்ணெயிற் கரையாமல் பெரும்பாலும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றன. எனவே, நல்லெண்ணெயைப் பானையில் ஊற்றி உறியில் வைத்துப் பழகிய கைகள் அக்ரோட்டு எண்ணெயை அவ்வாறே நடத்தலாகாது.

காற்றுடன் கூடிக் கெட்டியாகும் இக்குணத்தையே ஓவியர்கள் விரும்பினர். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் இத்தாலிய ஓவியர் பலர், ஆளிவிதை எண்ணெயைவிட மஞ்சள் படிவது குறைவு என்பதால், வெளிர் நிறங்களை அக்ரோட்டு எண்ணெயிற் குழைத்துத் தீட்டினர். உணவில் கேடெனப்படுவதே ஓவியத் திரையில் பயனாயிற்று. உலரும் எண்ணெய் தோய்ந்த வடிதுணிகளைக் குவித்து வைத்தால், அவை தாமே சூடேறித் தீப்பற்றவும் கூடும். செக்கு வைத்திருப்போர் அத்துணிகளை அன்றன்றே சோப்புநீரில் துவைத்து விரித்துப் போடவேண்டும்.

பிழியும் முறைகள்

மிகப் பழமையான முறைக்கு யந்திரமே வேண்டுவதில்லை. ஹிமாலயப் பகுதிகளில் அக்ரோட்டையும் சர்க்கரைப் பாதாமி விதைப்பருப்பையும் இடித்து, வெந்நீர் சிறிது சிறிதாகத் தெளித்துக் கையால் பிசைவர். பிசையப் பிசைய மாவு இறுகி, எண்ணெய் தனியே கசிந்து வரும். இது கைப்பழக்கத்தின் மாயம் அன்று. பருப்பின் உயிரணுக்களில் எண்ணெய் நுண்ணிய திவலைகளாக, புரத உறையுடன் அடங்கியிருக்கிறது. இடிப்பதால் உறை உடைகிறது. புரதத்திற்கு எண்ணெயைவிட நீரிடம் நாட்டம் அதிகம். தெளித்த நீரைப் புரதம் பற்றிக்கொள்ள, எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது. நீர் கொஞ்சம் மிகுந்தாலும் எல்லாம் கலந்து பால்போலாகிவிடும். பிறகு பிரிப்பது கடினம். மேலும், ஈரம் கலந்த எண்ணெய் நெடுநாள் நில்லாது. வீட்டுக்கு வேண்டிய ஒரு கிண்ணம் எடுக்க இம்முறை போதும், விற்பனைக்கு உதவாது.

அடுத்தது மாடு இழுக்கும் மரச்செக்கு. உரலும் உலக்கையும் மெதுவாகச் சுழல்வதால் உஷ்ணம் அதிகம் ஏறுவதில்லை. ஆயினும், திறந்த உரலில் நெடுநேரம் அரைபடுவதால் எண்ணெயுடன் காற்று நன்கு கலக்கிறது. எள்ளுக்குப் பொருந்துவது அக்ரோட்டுக்கு அதே அளவில் பொருந்தாது என்பது இங்கும் தெளிவு. மரத்தின் இடுக்குகளில் தங்கும் பழைய எண்ணெய், அடுத்த ஈட்டிற்குப் புளித்த மாவுபோல் கேட்டை விதைக்கிறது. மரச்செக்கில் ஆட்ட விரும்புவோர் ஒவ்வொரு நாளும் உரலைச் சுரண்டித் துடைத்தல் இன்றியமையாதது.

பிரான்ஸ் தேசத்தில் பெரிகோர் பகுதி அக்ரோட்டு எண்ணெய்க்குப் புகழ்பெற்றது. சர்லா நகரருகே ஸேந்த்-நத்தாலேன் என்னும் சிற்றூரில் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த நீராலை ஒன்று இன்றும் எண்ணெய் எடுத்து வருகிறது. ஓடைநீர் சுழற்றும் கல்லுருளையில் பருப்பு விழுதாக அரைபடுகிறது. அவ்விழுதை விறகடுப்பின் மேலுள்ள வாணலியில் இட்டு, கிளறிச் சூடாக்கிய பின்னரே துணியில் பொதிந்து அழுத்துகின்றனர். சூட்டினால் எண்ணெய் இளகுகிறது. புரதம் உறைந்து எண்ணெயை விடுவிக்கிறது. வறுத்த நறுமணமும் கூடுகிறது. ஆகவே, பழைய முறை என்பதும் குளிர்முறை என்பதும் ஒன்றல்ல. புட்டியின்மேல் இவ்விரு சொற்களையும் அடுத்தடுத்து அச்சிட்டு விற்போர் பலர். வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் நலம். சூடாக்கிய எண்ணெய் தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. அதன் மணத்தை விரும்புவோர் அதையே வாங்கலாம். ஆனால், அதற்குரிய பெயரில் வாங்கவேண்டும்.

குளிர்முறை எனச் சர்வதேசத் தர நெறி கருதுவது யாதெனில், வெளியிலிருந்து உஷ்ணம் ஊட்டாமல், யந்திர அழுத்தம் ஒன்றினாலேயே எடுத்து, நீரால் கழுவுதல், தெளிய வைத்தல், வடிகட்டல், சுழற்றிப் பிரித்தல் ஆகியவற்றால் மட்டுமே தூய்மை செய்யப்பட்ட எண்ணெயாகும். உராய்வினால் தானே எழும் உஷ்ணத்தைப் பற்றி இவ்விலக்கணம் பேசுவதில்லை. சிறு திருகு யந்திரங்களில் அவ்வுஷ்ணமே 70, 80 டிகிரிவரை ஏறக்கூடும். எண்ணெய் வெளிவரும் வாயில் ஓர் உஷ்ணமானியை வைத்து, 50 டிகிரியைத் தாண்டாதபடி திருகின் வேகத்தைக் குறைப்பதே நேர்மையான வழி.

அக்ரோட்டைத் திருகில் இடுவோர் சந்திக்கும் மற்றொரு தொல்லை, பருப்பின் மென்மை. நார் மிகக் குறைவாகவும் எண்ணெய் மிக அதிகமாகவும் இருப்பதால், அது வெண்ணெய்போல் குழைந்து, திருகோடு தானும் சுழன்று, முன்னே நகராமல் நிற்கும். நன்கு உலர்ந்த பருப்பைவிடச் சிறிதளவு ஈரம் ஏற்றிய பருப்பு நன்றாகப் பிழிபடுவதாகச் சோதனைகளில் தெரிகிறது. சிலர் தூய ஓட்டுத்துணுக்குகளைச் சிறிது கலந்து பிடிப்பு உண்டாக்குகின்றனர். அவ்வாறு செய்தால் பிண்ணாக்கு மனித உணவிற்கு உதவாது போகும். கிராமத்துச் சிறு கூட்டுறவுக்கு நீரழுத்த யந்திரமே ஏற்றது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. அரைத்த பருப்பைத் துணியில் பொதிந்து, தட்டுகளுக்கிடையே அடுக்கி, அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றவேண்டும். வேகம் குறைவு, ஆனால் உராய்வும் இல்லை, உஷ்ணமும் இல்லை, கழுவுவதும் எளிது.

கணக்கைப் பார்ப்போம். ஓட்டுடன் கூடிய நல்ல காய் 100 கிலோகிராமில் பருப்பு 40 முதல் 45 கிலோகிராம் தேறும். இரண்டு கிலோகிராம் பருப்பிற்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் எனக் கொண்டால், 20 லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். விற்கத்தக்க முழுப்பருப்பை ஆட்டினால் இவ்வெண்ணெய் எவரும் வாங்க இயலாத விலைக்குப் போகும். துண்டுகளை ஆட்டினால், பிண்ணாக்கையும் விற்றால், கட்டுப்படியாகும். விலை உயர்ந்த பொருளாதலின் கலப்படமும் உண்டு. சோயா எண்ணெயின் கொழுப்பு அமில அமைப்பு இதனை ஒத்திருப்பதால், எளிய சோதனைகளில் கலப்படம் அகப்படுவதில்லை. வைட்டமின் ‘ஈ’யின் வகைகளையும் ஸ்டெரோல்களையும் பிரித்தளக்கும் ஆய்வுக்கூடமே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

பிழிந்த எண்ணெய் கலங்கலாக இருக்கும். மூடிய பாத்திரத்தில் குளிர்ந்த இடத்தில் சில நாட்கள் தெளியவிட்டு, மேலோடியதை வடிகட்டவேண்டும். அடியில் படியும் வண்டலில் ஈரமும் நொதிகளும் உள்ளன. அதனோடு புட்டியிலிட்டால் எண்ணெயில் அமிலம் பெருகும். கறுத்த கண்ணாடிப் புட்டி அல்லது தகரக்கலத்தில், கழுத்துவரை நிரப்பி, காற்றுக்கு இடமின்றி மூடுதல் வேண்டும். ஒரு லிட்டர் புட்டியைவிடக் கால் லிட்டர் புட்டிகள் நான்கு மேலானவை. திறந்த புட்டி விரைவில் தீர்ந்துவிடும் அன்றோ! திறந்தபின் குளிர்ப்பெட்டியில் வைத்து ஓரிரு மாதங்களில் பயன்படுத்திவிட வேண்டும். பொரிப்பதற்கும் தாளிப்பதற்கும் இது ஏற்றதன்று. சமைத்து இறக்கிய காய்கறி, கீரை, பருப்பு ஆகியவற்றின்மேல் ஒரு கரண்டி ஊற்றி உண்பதே முறை.

பண்டங்கள்

காஷ்மீரச் சமையலில் இப்பருப்பிற்குரிய இடம் ‘டூன் செட்டின்’ என்னும் துவையலில் நன்கு விளங்கும். பருப்புடன் பச்சை மிளகாய் அல்லது மிளகாய்த்தூள், உப்பு, தயிர், சில வீடுகளில் புதினா ஆகியவற்றைச் சேர்த்துக் கல்லில் அரைக்கின்றனர். தயிரிலுள்ள புரதம் மென்தோலின் துவர்ப்பைப் பற்றிக்கொள்வதால் கசப்பு அடங்குகிறது. காஷ்மீரப் பண்டிதர்கள் ‘ஹேரத்’ எனப்படும் சிவராத்திரியின்போது, ‘வடுக்’ என்னும் பூஜைக் குடத்தில் முழு அக்ரோட்டுகளை நீரில் ஊறவிட்டு, பூஜை முடிந்ததும் உற்றாருக்கும் அண்டை வீட்டாருக்கும் பிரசாதமாகப் பகிர்கின்றனர். பல நாள் ஊறிய பருப்பு, காய் பறித்த புதிதில் இருந்ததுபோல் மிருதுவாகி, துவர்ப்பு நீங்கி இருக்கும். ஹிமாசலப் பிரதேசத்தில் கோதுமை மாவைப் புளிக்க வைத்து ஆவியில் அவிக்கும் ‘ஸித்து’ என்னும் பண்டத்தினுள் அரைத்த அக்ரோட்டைப் பூரணமாக வைப்பதுண்டு.

வெளிநாடுகளில் ஜார்ஜியா தேசத்தார் இதனை நன்கு பயன்படுத்துபவர். பருப்பைப் பூண்டுடன் அரைத்துச் செய்யும் ‘ஸத்ஸிவி’ என்னும் குழம்பும், நூலில் கோத்த பருப்பைக் கெட்டியாகக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் தோய்த்துத் தோய்த்து உலர்த்தும் ‘சுர்ச்கேலா’வும் அவர்களுடையவை. பின்னது சேமிப்புக் கலைக்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு. பருப்பைச் சுற்றிப் படியும் சர்க்கரையும் மாவும் கலந்த உறை, காற்றைத் தடுத்துவிடுகிறது. ஈரானியர் அக்ரோட்டையும் மாதுளைச் சாற்றையும் கலந்து மெல்லத் தீயில் நெடுநேரம் வேகவைக்கும் ‘பெஸன்ஜான்’ குழம்பில், எண்ணெய் பிரிந்து மேலே மிதப்பதையே பக்குவத்தின் அடையாளமாகக் கொள்கின்றனர். மலைவாசிகளின் கைப்பிசைவில் நிகழ்வதற்கு இது நெருங்கிய உறவு.

உடல்நலம் குறித்து மிகையாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-ஆம் ஆண்டில், நாள்தோறும் ஒன்றரை அவுன்ஸ் அக்ரோட்டு உண்பது இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் எனப் பொட்டலங்களில் அச்சிட அனுமதித்தது. ஆயினும், இதற்குச் சான்று உறுதியானதன்று என்பதையும் சேர்த்தே அச்சிடவேண்டும் என நிபந்தனை விதித்தது. ஸ்பெயின் தேசத்தில் நிகழ்ந்து 2013-இல் வெளியாகி, முறைக்குறைகள் திருத்தப்பட்டு 2018-இல் மீண்டும் வெளியான பெரும் ஆய்வில், தினம் 15 கிராம் அக்ரோட்டு அடங்கிய கலப்புப் பருப்புகளுடன் காய்கறி மிகுந்த உணவை உண்டவர்களிடையே இதய, மூளை இரத்தக்குழாய் நோய்கள் குறைவாகக் காணப்பட்டன. இவையனைத்தும் பருப்பைப் பற்றியன. புட்டியிலுள்ள எண்ணெய்க்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்வதற்கில்லை. எண்ணெயில் புரதமும் நாரும் மென்தோலும் இல்லை. மேலும், சிலருடைய உடலுக்கு அக்ரோட்டுப் புரதம் ஒவ்வாது. தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாகும். குளிர்முறை எண்ணெயில் அப்புரதத்தின் சுவடு எஞ்சியிருக்கலாம் ஆதலால், அத்தகையோர் எண்ணெயையும் தவிர்க்கவேண்டும்.

எஞ்சுவது பிண்ணாக்கு. பிழிந்த பின்னும் அதில் எண்ணெய் சிறிது தங்கியிருக்கும். புரதமோ பருப்பில் இருந்ததைவிட இரு மடங்கிற்கும் மேல் செறிந்திருக்கும். அன்றே பொடித்துச் சலித்து, காற்றுப்புகாத கலத்தில் குளிர்ச்சியில் வைத்தால், கோதுமை மாவுடன் ஐந்துக்கு ஒன்று வீதம் கலந்து ரொட்டியும் பிஸ்கோத்தும் செய்யலாம்; நிறம் பழுப்பாகவும் மணம் இனிதாகவும் அமையும். பொடித்த மாவில் எண்ணெய் மிக நுண்ணிய படலமாகப் பரவியிருப்பதால், அது எண்ணெயைவிட விரைவாகச் சிக்கு வாடை கொள்ளும் என்பதை மறத்தலாகாது. மனித உணவிற்கு உதவாதது மாட்டுத் தீவனமாகும். ஓட்டையும் எறிய வேண்டுவதில்லை. குளிர்காலத்தில் அது நல்ல எரிபொருள். நன்றாகப் பொடித்துச் சலித்த ஓட்டுத்தூளை, உலோகப் பரப்புகளைக் கீறாமல் துப்புரவு செய்யத் தொழிற்சாலைகள் வாங்குகின்றன.